கார்ஜிலிருந்து வந்த புழுக்கள்

ஓய்வு பெற்றுவிட்டால் யாரும் என்னிடம் புழுவைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். அது நடக்கவில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பெல்லில் காய்கறி வாங்கப் போனால்கூட உங்களில் யாராவது ஒருவர் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னாலிருந்து முளைத்து, “புழுவைத் தொட அருவருப்பா இருக்காதா மேடம்?” என்று ஆரம்பிக்கிறீர்கள். இல்லை. புழு எனக்கு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. அதற்குக் கருத்தரங்கில் முதல் வரிசை வேண்டாம், கட்டுரையில் முதல் பெயர் வேண்டாம், தான் சொன்னதே சரி என்று அடம்பிடிக்காது. என்னைப் படுத்தியெடுத்தது முழுக்க மனிதர்கள்தான். என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்வார் என் கணவர். அவரை விடுங்கள்.

கேட்டுக் கேட்டுத் துளைப்பதால் ஒரு சம்பவத்தை எழுதிவிடுகிறேன். இனிமேல் காய்கறிக் கடையில் என்னை விட்டுவிடுங்கள்.

இந்தத் துறைக்கு நேற்று வந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம். நாங்கள் ஆய்வகத்தில் வைத்திருந்தது மெழுகுப் பூச்சியின் புழு. தேன்கூட்டுக்குள் புகுந்து மெழுகைத் தின்று, தேனீ வளர்ப்பவர்களை அழவைக்கும் பூச்சி அது. பிரான்சில் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் கோர்ப்பதற்கு இதன் புழுவைப் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். விரலின் ஒரு கணு நீளம், பாலாடை நிறம். அதன் உடம்புக்குள் மிதக்கும் செல்கள் நம் வெள்ளை அணுக்களின் வேலையைத்தான் செய்கின்றன. பூஞ்சையின் வித்து ஒன்று உள்ளே வந்துவிட்டால், ஒரு செல் போய் அதை மெல்லத் தழுவி விழுங்கிவிடும். விழுங்கித் தீராத அளவுக்கு வித்துகள் வந்தால் செல்கள் கூட்டமாகத் திரண்டு, அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு, தாங்களும் சேர்ந்தே இறுகிக் கறுத்த முடிச்சாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தோலில் கரும்புள்ளிகள் தெரியும். அதுவும் பலிக்காவிட்டால் புழு முழுக்கக் கறுத்துச் செத்துப்போகும்.

மருத்துவமனைகளில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைப் பிடிக்கும் ஒரு பூஞ்சையை நாங்கள் இந்தப் புழுக்களுக்கு ஊசியில் ஏற்றினோம். முன்னதாக ஒரு மருந்தைக் கொடுத்துச் செல்களை உசுப்பிவிட்டால் புழு பிழைக்குமா என்பது கேள்வி. மருந்து கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது. ஒரு நிறுவனம் அதில் ஆர்வம் காட்டியிருந்தது. எங்கள் குழுத் தலைவருக்கோ நிறுவனத்தைவிட ஆர்வம் அதிகம். அவர் பெயர் வேண்டாம். உயிரோடு இருக்கிறார், நன்றாகவும் இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. தான் விரும்புகிற முடிவு வந்தால் அதைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார். விரும்பாத முடிவு வந்தால் பூஞ்சையைத் திட்டுவார். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார், கவலைப்படாதீர்கள்.

2010-இல் அந்த மருந்து வேலைக்கென்று முகுந்தன் வந்தான். சேலத்துக்காரன். கை அவ்வளவு பதமான கை. அவன் ஊசி போட்டால் புழு நெளியாது. பாரிசின் வடக்குப் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மனைவி கவிதாவுடன் இருந்தான். என்னை மேடம் என்று கூப்பிடாதே, அக்கா என்று சொல் என்றால், “இங்க எல்லாரும் மதாம் மதாம்னுதானே கூப்பிடறாங்க, நான் கூப்பிட்டா மட்டும் தப்பா?” என்பான். விட்டுவிட்டேன். இன்னொருத்தி ஆரணி. இன்னொரு புறநகரான திரான்சியில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பெண்; அந்த ஆண்டுதான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எங்களிடம் சேர்ந்திருந்தாள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் என்னோடு மட்டும் தமிழில் பேசுவாள். பாசத்தால் அல்ல. என் பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்கச் சகிக்கவில்லையாம்.

அந்த இலையுதிர்காலம் வேலைநிறுத்தக் காலம். ரயில் இல்லை, பெட்ரோல் இல்லை, கூரியர் இல்லை. வழக்கமாக வரும் புழுப் பெட்டிகள் வழியில் எங்கோ நின்று, ஒன்று செத்து வந்தன, இல்லாவிட்டால் கூடு கட்டிக்கொண்டு வந்தன. கடைசியாக ஒழுங்காக வந்த ஒரே பெட்டி எங்கள் குளிர் அலமாரியில் இருந்தது. முகுந்தன் கெட்டிக்காரன் அல்லவா, கார்ஜில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கே அதே புழு இருந்தது. காலையில் கடை திறந்ததும் பெட்டியை வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, ஓடுகிற ஒன்றிரண்டு ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயில்களில் ஒன்றில் தொற்றி வந்து, அன்றைக்கே ஊசி போடுவான்.

சில நாளில் அவன் ஒரு வரைபடத்தோடு வந்தான். மருந்து கொடுத்த புழுக்களின் கோடு மேலேயே நின்றது. பூஞ்சை மட்டும் ஏற்றிய புழுக்களின் கோடு, கண்ட்ரோல் என்கிறோமே அது, விறுவிறுவென்று கீழே இறங்கியது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு முகுந்தனைக் கட்டிப்பிடித்தார். அன்று மதியமே நிறுவனத்துக்குத் தொலைபேசி போயிற்று. அவர்கள் நேரில் வந்து கேட்பதாக நாளும் குறித்தாயிற்று. அந்த உற்சாகத்திலேயே ஆரணியைக் கூப்பிட்டு, உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இனி இந்த மருந்துதான் பொருள் என்றும் சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சிப் பொறியாளராக அந்தக் குழுவில் என் வேலையே எல்லோருடைய உற்சாகத்திலும் தண்ணீர் ஊற்றுவதுதான். அதனால் கேட்டேன்.

“முகுந்தா, கண்ட்ரோல் புழு எந்தப் பெட்டி?”

“நம்ம பெட்டிதான் மேடம். அலமாரியில இருந்தது.”

“மருந்து குடுத்தது?”

“கார்ஜ் பெட்டி. புழு பத்தலை மேடம். அதான் பிரிச்சுக்கிட்டேன். ரெண்டும் ஒரே ஜாதிப் புழுதானே.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முனைவர் பட்டம் வாங்கியவன். ஒரு குழுவை ஓரிடத்திலிருந்தும் இன்னொரு குழுவை வேறிடத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு, ஒரே ஜாதி என்கிறான். இதைத் தலைவரும் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்திருக்கிறார்! அவரிடம் போய்ச் சொன்னேன். நிறுவனத்துக்காரர்கள் வருவதற்குள் மறுபடி செய்ய நேரம் இல்லை என்றார். அவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, சரி, ஒரு முறை என்றார்.

இந்த முறை இரண்டு குழுவும் கார்ஜ் பெட்டியிலிருந்தே. மருந்து கொடுத்த புழுக்கள் பிழைத்தன. மருந்து கொடுக்காத புழுக்களும் ஏறக்குறைய அதே அளவு பிழைத்தன. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின.

தலைவர் உடனே பூஞ்சையைத் திட்ட ஆரம்பித்தார். வித்துகள் பழசாகிவிட்டன, வீரியம் போய்விட்டது, இந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். முகுந்தனும் வேகமாகத் தலையாட்டினான். அந்த வேகம்தான் எனக்கு எரிச்சலை மூட்டியது. முடிவு பிடித்தபோது இதே பூஞ்சை நல்ல பூஞ்சையாக இருந்ததே! அதே குப்பியிலிருந்து எடுத்து எங்கள் அலமாரிப் பெட்டியில் மீதியிருந்த புழுக்களுக்கு ஏற்றச் சொன்னேன். அவை கறுத்துச் செத்தன. பூஞ்சைக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் குறை, இல்லை, நிறை, புழுவில். கார்ஜ் புழு ஒன்றை எடுத்து, ஊசியே படாத புழுவை, காலோரம் லேசாகக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தோம். ஆரணிதான் முதலில் நுண்ணோக்கியில் பார்த்தாள்.

“அன்ரி, இஞ்சை வந்து பாருங்கோ. சரியான சனம்.”

உண்மையில் கூட்டம்தான். அலமாரிப் புழுவின் சொட்டில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்தன. இதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. வித்துகளைக் கலந்துவிட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அலமாரிப் புழுவின் செல் ஒரு வித்தைத் தொட்டுவிட்டு யோசிக்கும். கார்ஜ் புழுவின் செல்கள் வித்து வந்து சேருவதற்குள் நாலாபக்கமும் கைகளை நீட்டி, பரபரவென்று விழுங்கிக்கொண்டிருந்தன. நான் எத்தனையோ வருடங்கள் பார்த்த காட்சி. ஆனாலும் நகராமல் நின்று பார்த்தேன். மருந்து ஒரு துளிகூடப் படாத புழு அது. எங்கள் கை படுவதற்கு முன்பே அதற்கு ஏதோ நடந்திருந்தது.

தீனி வேறாக இருக்கும் என்றான் முகுந்தன். தீனி வேறாக இருந்தால் அந்தத் தீனியையே மருந்தாக விற்கலாம் என்று தலைவர் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

எதற்கு ஊகம், போய்க் கேட்டுவிடலாம் என்று ஆரணியும் நானும் கிளம்பினோம். அவளுடைய அண்ணன் கார்ஜுக்குப் பக்கத்து ஊரான ஸ்தேனுக்கு ஒரு வேலையாகப் போகிறவன், வழியில் எங்களை ஏற்றிக்கொண்டான். வேலைநிறுத்த நாளில் பாரிசின் வடக்கே கார் எப்படிப் போகும்? போகவில்லை. நின்றுகொண்டே இருந்தது. கடைக்காரர் ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரர். இரண்டு பெண்கள் தூண்டில் வாங்காமல் புழுவின் பூர்வீகத்தை விசாரிக்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். எங்கிருந்து வருகிறது என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். எங்களுக்குக் கூரியரில் அனுப்புகிற அதே பண்ணை. அதே தீனி, அதே மரத்தூள், அதே பெட்டி. போன மாதத்திலிருந்து கடையின் பின்னறையில் சும்மா கிடக்கிறதாம்.

நான் எரிச்சலில் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் நகராத காரில், நகராமல் திரும்பினோம். அந்தப் பெட்டிக்கு அன்றே ஊசி போட்டோம். அந்தப் புழுக்கள் எங்கள் அலமாரிப் புழுக்களைப் போலவே கறுத்துச் செத்தன.

மூன்று பேரும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதே கடை. அதே பண்ணை. முகுந்தன் கொண்டுவந்தால் பிழைக்கின்றன, நான் கொண்டுவந்தால் சாகின்றன.

“நீ அதை எப்படித்தான் கொண்டுவர்றே? ஒண்ணுவிடாம சொல்லு,” என்றேன்.

“பையிலதான் மேடம். பையை முன்னாடி மாட்டிக்குவேன், திருட்டு பயம். டிரெயின்ல நிக்கவே இடம் இருக்காது. கதவுக்குப் பக்கத்துல நசுங்கிக்கிட்டு நிப்பேன். பிரேக் போடறப்பல்லாம் மொத்தக் கூட்டமும் மேல வந்து விழும். கார் து நோர் ஸ்டேஷன் வந்ததும் ஓட்டம். ஊசிக்கு நேரமாயிடும்ல? படி ஏறி, தெருவுல ஓடி, இங்க வந்து...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அவன் மார்பில் அந்தப் பெட்டி வழியெல்லாம் குலுங்கிக்கொண்டே வந்திருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆரணி சொன்னாள்: “எனக்கும் ஆர்.இ.ஆர்-ல வந்தா அப்பிடித்தான் அன்ரி. இறங்கினா கண்ணில படுற ஆக்களுக்கெல்லாம் அடிக்கவேணும் போல கிடக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். அந்த விவகாரத்தில் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கூரியர் பெட்டி ஒன்று ஒருவழியாக வந்து சேர்ந்தது. அதைச் சில நாள் அலமாரியில் சும்மா விட்டோம். பிறகு பாதிப் புழுக்களை, திரவங்களைக் கலக்குவதற்கு வைத்திருந்த ஆட்டும் மேடையில் வைத்து நன்றாகக் குலுக்கினோம். மீதிப் பாதியைத் தொடவில்லை. மருந்து யாருக்கும் இல்லை. குலுங்கிய புழுக்கள் பூஞ்சையைத் தாங்கின, குலுங்காதவை செத்தன. அடியோ ஆபத்தோ வருகிறது என்று உடம்பு நினைத்துவிட்டால், அது செல்களை முன்கூட்டியே தெருவில் இறக்கிவிடுகிறது. கூரியர் பெட்டிகளும் லாரியில் குலுங்கித்தான் வந்திருக்கும். ஆனால் ஊசி போடும் நாள் வரும்வரை அலமாரியில் கிடந்து, அந்த வேகம் அடங்கிவிட்டிருக்கும். அப்படி வைக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை, வெறும் பழக்கம். அதனால்தான் அதன் அருமை யாருக்கும் தெரியவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஆரணி நூலகத்தில் தேடினால், இந்தக் குலுக்கல் விவகாரத்தை வேறு நாட்டில் வேறு யாரோ முன்பே எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் ஒருவரும் படித்திருக்கவில்லை. கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட எங்களுக்கு இல்லை.

தயவுசெய்து இதை ஒரு வாழ்க்கைப் பாடமாக்கி, அடிபட்டால்தான் பலம் வரும் என்று சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். ஏற்கெனவே உங்களில் ஒருவர் அப்படிச் செய்துவிட்டார். குலுங்கிய புழு சில நாளில் பழைய புழுவாகிவிடும். அதிகம் குலுக்கினால் செத்தும் போகும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் முகுந்தனைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். முகுந்தன் வெளியே வந்தபோது முகம் சரியில்லை. வா, தேநீர் குடிக்கலாம் என்று லா ஷப்பெல்லுக்குக் கூட்டிப்போனேன். பிற்பகல் நேரம், கடையில் வடை தீர்ந்திருந்தது. அதுவும் ஒரு எரிச்சல்.

“முதல் படத்தை மட்டும் காட்டுன்னு சொல்றார் மேடம். மத்ததெல்லாம் இன்னும் முடியலை, முடிஞ்சதும் சொல்லிக்கலாம்கிறார். அது பொய் இல்லையே?”

“அது என்னன்னு உனக்கே தெரியும்.”

“தெரியும். ஆனா டிசம்பரோட என் கான்ட்ராக்ட் முடியுது. கம்பெனி வந்தா ரெண்டு வருஷம் நீட்டலாம்னு சொல்லியிருக்கார். இல்லைன்னா ப்ரெஃபெக்தூர் ஆபீஸ்ல எதைக் காட்டி இங்க தங்கற கார்டைப் புதுப்பிப்பேன்? கவிதா இப்பத்தான் பிரெஞ்சு வகுப்புல சேர்ந்திருக்கா.”

“இதை நம்பி ஆரணி பட்டம் பண்ணப் போறா. இல்லாத ஒண்ணைத் தேடி வருஷக்கணக்கா அலையட்டும்கிறியா?”

அவன் குரல் உயர்ந்தது. “ஆரணிக்கு இது அவ ஊரு மேடம். ஒரு பட்டம் போனா இன்னொண்ணு. உங்களுக்கும் என்ன? நீங்க இங்கேயே வேலை பார்த்து இங்கேயே ரிடையர் ஆவீங்க. வண்டி ஏறிப் போகப்போறது நான்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். உண்மையான நியாயம் ஒன்று எதிரில் வந்து நின்றால், அறிவுரை சொல்கிறவர்களுக்கு அப்படித்தான் வரும். நீங்கள் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நான் தேநீரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பேசினேன்.

“உன் இடத்துல இருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது. அதனால நீ நல்லவனா இருன்னு சொல்ல வரலை. ஒண்ணு மட்டும் யோசி. இந்த மருந்து அடுத்து எலிக்குப் போகும். அங்க வேலை செய்யாது. அப்ப எல்லாரும் பழைய படத்தை எடுத்துப் பார்ப்பாங்க. ஊசி போட்டது யாருன்னு கேப்பாங்க. தலைவர் யாரைக் காட்டுவார்?”

அவன் பாதிக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டான். அவன் சொல்லாவிட்டால் கூட்டத்தில் நானே கையைத் தூக்குவது என்று அங்கேயே முடிவு செய்தேன். செய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதற்குத் தைரியம் வருமா என்று என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பேசிக்கொண்டேயிருந்த இரண்டு ஆண்கள், வாயே திறக்காத ஒரு பெண்மணி. தலைவர் முன்னுரை சொன்னார். மருந்துக்கு மட்டும்தான் மாலை போடவில்லை. முகுந்தன் எழுந்து ஆங்கிலத்தில் தொடங்கினான். முதல் படம் திரைக்கு வந்தது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அடுத்த படத்துக்குப் போகாமல் நின்றான். எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு நெடுநேரம். நான் கையைத் தூக்கப் போனேன்.

“மேலே இருக்கும் இந்தக் கோடு மருந்தினால் வந்தது என்று நினைத்தோம்,” என்றான் முகுந்தன். “அது மருந்தினால் வந்ததல்ல. நான் ஏறிவந்த ரயிலினால் வந்தது.”

யாரோ சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. அவன் சிரிக்கவில்லை. மற்ற எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒன்றாகப் போன இரண்டு கோடுகள், ஊசி படாத புழுவின் செல் கூட்டம், ஆட்டும் மேடை, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்த ஆண்களில் ஒருவர் மடிக்கணினியை மூடினார். அந்தப் பெண்மணி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: புழுக்கள் வந்து சேர்ந்தபின் எவ்வளவு நேரத்தில் ஊசி போட்டீர்கள்? வந்த அன்றே என்றான் முகுந்தன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

உங்களுக்கு இந்த இடத்தில் கைதட்டல் வேண்டும். கிடையாது. ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. பணம் இல்லை என்றார் தலைவர், அதுவும் மிக மரியாதையாக. நான் அவர் அறைக்குப் போய் வாதாடினேன். பிரெஞ்சில் தொடங்கியது எப்படியோ தமிழுக்கு மாறிவிட்டது. அந்தக் கட்டடத்தில் நான் தமிழில் கத்தியது அதுவே முதல் முறை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்த்தால் என் வேலையும் போகும் என்றேன்.

முகுந்தன் போன பிறகு, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் தலைவர் முதல் கேள்வியாக, “பெட்டி எப்போது வந்தது? ஓய்வு கொடுத்தீர்களா?” என்று கேட்க ஆரம்பித்தார், ஏதோ தானே கண்டுபிடித்ததைப் போல. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஆரணிக்குப் புதுப் பொருள் கொடுத்தது அவர்தான்: குலுக்கல் என்று ஒரு செல்லுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள் என்பது. அதை அவள் நன்றாகவே செய்து முடித்தாள். அவரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த வாய் திறக்காத பெண்மணி, கூட்டம் நடந்து சில வாரம் கழித்து, முகுந்தனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர்கள் நிறுவனத்தில் வேறு மருந்துகளையும் இதே புழுவில்தான் சோதித்துக்கொண்டிருந்தார்களாம். புழுக்கள் லாரியில் வரும், வந்த அன்றே ஊசி. நல்ல முடிவு கொடுத்த மருந்துகளில் எத்தனை நிஜம், எத்தனை லாரி என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். குறுகிய கால வேலை, லியோன் பக்கம். முகுந்தனும் கவிதாவும் மூட்டை கட்டினார்கள். ரயில் நிலையத்துக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பெட்டிகளைச் சரிபார்க்கிற சாக்கில் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஆரணி சொல்லித்தான் தெரியும்.

பல வருடம் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் ஓய்வு பெற்ற ஆண்டு, ஒரு முற்பகலில், கைபேசியில் இந்திய எண் ஒன்று வந்தது.

“மேடம், நான் முகுந்தன்.”

சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறான். பட்டுப்புழுவைப் பிடிக்கும் பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி. சிறிய ஆய்வகம், சில மாணவர்கள். கவிதா நலம், ஒரு பையன். எல்லாம் கேட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

“நேத்து என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, ரொம்ப அழகா ஒரு ரிசல்ட் கொண்டாந்தா மேடம். அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும். எனக்கு முதல்ல சந்தேகம்தான் வந்துச்சு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷமாவது சந்தோஷப்பட்டிருக்கலாம் இல்ல? எனக்கு அது வரவே மாட்டேங்குது. அதை நீங்க எடுத்துட்டீங்க.”

இத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்டுப் புகார் சொல்கிறான் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

“சரி, அவகிட்ட என்ன சொன்னே?”

“ரெண்டு குழுவும் ஒரே தட்டுல வளர்ந்ததான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னா. அழுதுட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன மேடம், நானும் கூட உக்காந்துட்டேன். முதல்லேருந்து மறுபடி சோதனை போட்டுக்கிட்டிருக்கோம். இப்பக்கூட ஊசியை வச்சுக்கிட்டு எனக்காக நிக்கறா. ஃபோனை வச்சுடறேன்.”

வைத்துவிட்டான்.